பொலித்தீன் நீர்த்தொட்டியில் சுருக்கமும் வீக்கமும்

சாய்ந்தமருதின் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இடைப்பட்ட மணற்றரையில் நிலநீர் ஆழத்தில் இல்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அது மேலும் உயரும். மரக்கறிச் செய்கைக்காகக் குழி தோண்டிப் பொலித்தீன் விரித்து நீர் சேமிக்கும் கமக்காரர் இதனை மறத்தலாகாது.

மாரியில் விரிப்புச் சுருங்கியோ வீங்கியோ காணப்படின், உடனே தொட்டியை இறைத்தல் பெருந்தவறு. உள்ளிருக்கும் நீரின் பாரமே விரிப்பை அழுத்தி வைத்திருக்கின்றது. அப்பாரம் நீங்கின், வெளிநீர் விரிப்பைத் தூக்கிக் கிழித்துவிடும்.

காரணத்தை அறியும் வழி வருமாறு:

1. தொட்டியின் வரம்புக்கு வெளியே சிறு குழியொன்று தோண்டுக. மறுநாள் குழிநீரின் மட்டம் தொட்டிநீரிலும் உயர்ந்திருப்பின், வீக்கத்திற்குக் காரணம் நிலநீரே.

2. குழிநீர் தாழ்ந்திருப்பின், நீர் நிரப்பிய வாளியொன்றைத் தொட்டிக்குள் கல்லின்மேல் நிறுத்தி, இரு நீர்மட்டங்களையும் குறித்திடுக. மழையும் இறைப்பும் இல்லாத மூன்று நாட்களில் வாளிநீரிலும் தொட்டிநீர் கூடுதலாகக் குறையின், விரிப்பில் ஓட்டை உண்டு.

நிலநீர் காரணமாயின், தொட்டிநீரை வெளிமட்டத்திலும் உயர்த்தி வைத்தல் வேண்டும். விரிப்பைக் குத்தி நீரகற்ற முயலுதல் கூடாது. கோடையில் நிலநீர் தாழ்ந்தபின் தொட்டியை இறைத்து, ஓட்டையிருப்பின் அடைத்து, அடித்தரையைச் சமப்படுத்தி மீள விரிக்கலாம். வேர், வைக்கோல் முதலியன அடியில் இருத்தலாகாது. அவை அழுகின், வாயு உண்டாகி விரிப்பு வீங்கும். ஓரங்களைக் கானில் இட்டு மண்ணால் மூடினால், மழைநீர் அடியிற் புகாது.

மாரியில் அவசரப்பட்டு விரிப்பைக் கிழியவிட்டவர், சிறுபோகத்தில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நீரின்றி வருந்துவர்.