சிறைத் தீவில் எழுதப்பட்ட திருமறை

புலம்பெயர்ந்து வந்த எமது கைகள் அந்நிய மண்ணில் முதன்முதலில் எழுதியவை பெரும்பாலும் படிவங்களே. பெயர், பிறந்த திகதி, கைதுசெய்யப்பட்ட இடம், இழந்த உறவுகளின் விபரம் எனத் துயரத்தையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்காக மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நாம் காத்திருக்கிறோம். அக்காத்திருப்பில் உடல் ஓய்ந்திருந்தாலும் மனம் ஓய்வதில்லை. இத்தகைய நாட்களை ஒரு முதியவர் எவ்வாறு கடந்தார் என்பதை அறிந்துகொள்வது எமக்குப் பயனுடையதாகும்.

இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த திடோர் தீவில் பிறந்தவர் இமாம் அப்துல்லா. 'துவான் குரு' என்றே மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர். ஒல்லாந்தரை எதிர்த்தோருடன் சேர்ந்தமைக்காக 1780ஆம் ஆண்டில் அவர் தென்னாபிரிக்காவின் கேப் நகருக்கு நாடுகடத்தப்பட்டார். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பனியே அவரையும் கப்பலேற்றியது. 1712இல் பிறந்தவர் எனக் கூறப்படும் அவர் அப்போது எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் அடைக்கப்பட்ட இடம் ரொபன் தீவு. பின்னாளில் நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் சிறையிருந்ததும் இத்தீவிலேயே.

ஒல்லாந்தரின் ஆட்சியில் அங்கு இஸ்லாமியர் வெளிப்படையாக வழிபடுவது தடைசெய்யப்பட்டிருந்தது. துவான் குருவிடம் எஞ்சியிருந்தது அவரது நினைவாற்றல் ஒன்றே. இளமையில் மனனம் செய்திருந்த திருக்குர்ஆனை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்களையும், நினைவிலிருந்தே அவர் தம் கையால் எழுதினார் என ஆய்வாளர் கருதுகின்றனர். சமயக் கல்விக்கான நூலொன்றையும் சிறையிலிருந்தே 1781இல் எழுதி முடித்தார். எப்போது விடுதலை கிடைக்கும் என்பதை அறியாமலேயே இத்தனையும் எழுதப்பட்டன.

மனனம் செய்ததை நா விரைந்து ஓதிவிடும். கையால் அவ்வாறு விரைய இயலாது. ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு சொல்லாகவே அது செல்லவேண்டும். அடுத்த சொல் எதுவென எண்ணும் அந்தக் கணத்தில் நாளைய தீர்ப்பைப் பற்றிய அச்சம் சற்றே விலகி நிற்கிறது. பல்லாண்டுகள் ஓதிய வரியிலும் அதுவரை புலப்படாத பொருள் அப்போது புலப்படுவதுண்டு. எமது முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். பூச்சியும் காலமும் அரிக்கும் பனையோலைகளைத் தலைமுறைதோறும் எழுத்தாணி கொண்டு பிரதிசெய்தமையாலேயே தேவாரமும் சங்க நூல்களும் எம்மை வந்தடைந்தன.

விடுதலையான பின்னர் துவான் குரு 1793இல் கேப் நகரில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அடிமைகளும் அவர்தம் பிள்ளைகளும் அங்கு கல்வி கற்றனர். 1794இல் அந்நாட்டின் முதலாவது பள்ளிவாசலாகிய அவ்வல் பள்ளிவாசல் உருவாயிற்று. அது அமைந்த காணி, 'கொரிடன் வான் சிலோன்' எனப்பட்ட, விடுதலை பெற்ற ஓர் அடிமைக்குச் சொந்தமானது. அவரது பெயரே அவரை இலங்கை மண்ணோடு இணைத்துக் காட்டுகிறது.

துவான் குரு தாயகம் திரும்பவேயில்லை. 1807இல் கேப் நகரிலேயே அவர் காலமானார். ஆயினும் அவர் எழுதியவை அச்சமூகத்தின் முதுசமாயின. 1980களின் நடுப்பகுதியில் பள்ளிவாசலைத் திருத்தியமைத்தபோது, கூரையின் கீழ் ஒரு சாக்குப் பையினுள் அவரது குர்ஆன் பிரதி கண்டெடுக்கப்பட்டது. கறுப்பு, சிவப்பு மையினாலான எழுத்துக்கள் அப்போதும் வாசிக்கக்கூடியனவாகவே இருந்தன.

எழுதுவதனால் தஞ்சக் கோரிக்கைக்கு விரைவில் பதில் கிடைத்துவிடும் என நாம் கூறவில்லை. சட்டத்தரணியின் பணியையும் வைத்தியரின் பணியையும் அது செய்யாது. ஆயினும் துயரத்தை மட்டுமே எழுதிப் பழகிய கை, நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் வேறொன்றை எழுதுமாயின், அந்த அரைமணி எமக்கே உரியதாகிவிடும்.

இதற்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும். தேவாரமோ திருவாசகமோ விவிலியமோ குர்ஆனோ, அவரவர் நெஞ்சுக்கு நெருக்கமானதைத் தெரிந்துகொள்ளலாம். திருக்குறளை நாளுக்கு ஒரு குறளாக எழுதினால் 1330 குறள்களும் நிறைவுற மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகும். காத்திருக்கும் காலம் எவ்வளவு நீண்டாலும் அது எமக்குத் துணையிருக்கும். எழுதும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்வோம். தமிழ்ப் பாடசாலை வெகுதொலைவிலுள்ள ஊர்களில், பெற்றோரின் கையெழுத்தே அவர்களுக்கு முதல் அரிச்சுவடியாக அமையட்டும்.