கொதிகலத்தின் வாயை அடைக்காதீர்!

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று கூடும் ஜனத்திரளைக் கண்டவர்கள், இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து கிடைக்கிறது என்று வியப்பதுண்டு. அம்மாவட்டத்திலேயே இருக்கிறது ஆரணி. பட்டுக்குப் பேர்போன அவ்வூர் அரிசிக்கும் பேர்போனது. நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்திய பிறகு அரைத்தால் புழுங்கலரிசி. ஆலைக்கு அந்த நீராவியைத் தருவது கொதிகலம். அதன் அடுப்புக்கு நெல்லின் உமியே விறகு. கொதிகலத்தின் உச்சியில் சிறு கருவி ஒன்று பொருத்தியிருக்கும். சும்மா இருப்பதே பெரும்பாலும் அதன் உத்தியோகம். ஆனால் வேலை வந்த அன்று அது தவறினால், ஆலையிலுள்ளோர் உயிருக்கு உறுதியில்லை. அதுவே காப்பு வால்வு. தொழிலாளர் வாக்கில் ஸேப்டி வால்வு.

ஒரு படி நீர் திறந்த வெளியில் ஆவியானால் சுமார் 1,600 படி இடத்தைப் பிடிக்கும். அடைத்த கலத்தில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே ஆவி சுவர்களை நெருக்குகிறது. நெருக்கம் ஏற ஏற நீரின் கொதிநிலையும் ஏறும். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் நடக்கும் கலத்தில் நீரின் சூடு ஏறக்குறைய 170 டிகிரி. கலம் பிளந்தால் அழுத்தம் ஒரு கணத்தில் அகன்றுவிடும். அந்த அதிசூடான நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாய்ச் சீறும். கட்டடங்களைத் தகர்ப்பது இச்சீற்றமே.

இதற்குப் பரிகாரம் எளியது. கலத்தில் ஒரு துளை இட்டு, அதன்மேல் அளந்த பளுவை வைத்துவிட வேண்டும். துளையின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பளு 7 கிலோ என்றால், அழுத்தம் 7 கிலோவைத் தாண்டியதும் பளு தூக்கிக்கொள்ளும். இது பளு வால்வு. பளுவை நேரே வைக்காமல் நெம்புகோலின் நுனியில் தொங்கவிட்டால் சிறு பளுவே போதும். பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பின் 1679-ல் லண்டன் ராயல் சொஸைட்டியாருக்கு, எலும்பையும் இளக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைக் காட்டினார். அதற்கு நெம்புகோல் வால்வை அமைத்தவரும் அவரே. நம் வீட்டு குக்கருக்கு அவர் பாட்டனார் முறை!

குலுங்கியோடும் ரயில் எஞ்சினில் தொங்கும் பளு நிலைத்து நில்லாது. ஆகவே பளுவின் இடத்தில் சுருள்வில் வந்தது. இந்நாளைய ஆலைகளில் பெரும்பாலும் காண்பது இவ்வில் வால்வே. மூடி சற்று விலகியதும் ஆவி அதன் அகன்ற பரப்பைத் தாக்கும். வால்வு ‘படார்’ என முழுதும் திறக்கும். அழுத்தம் ஓரளவு தணிந்த பின்னரே மூடும். எண்ணெய், நீர் போன்ற திரவங்களுக்கான வால்வோ மெல்ல மெல்லத் திறப்பது.

இன்னும் இரண்டு காவலர் உண்டு. ஒன்று, எளிதில் உருகும் உலோகத்தாலான அடைப்பு. கலத்தில் நீர் வற்றிச் சூடு மிஞ்சினால் அது தானே உருகி வழிவிடும். மற்றொன்று, குறித்த அழுத்தத்தில் கிழியும் மெல்லிய தகடு. ரசாயனத் தொழிற்சாலைகளில் இதைக் காணலாம். ஒருமுறை கிழிந்தால் புதுத் தகடு இட வேண்டும்.

கருவி இத்தனை இருந்தும் விபத்து ஏன்? பல இடங்களில் காரணம் மனிதனின் கையே. 1831-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு ரயில் எஞ்சின் வெடித்தது. வால்வின் இரைச்சல் பொறுக்காமல் கரி போடுபவன் அதை அழுத்திப் பிடித்தான் என்பது வரலாறு, அவனே உயிரிழந்தான். இத்தகைய கைகளுக்கு எட்டாதபடி 1855-ல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேயர் ஒரே வில்லால் இரண்டு வால்வுகளை அடக்கினார். ஒன்றை அழுத்தினால் மற்றது திறக்கும்!

நம் நாட்டிலும் பாடம் விலை கொடுத்தே கற்றது. 1863-ல் கல்கத்தாவில் நேர்ந்த பெரும் கொதிகல வெடிப்பை அடுத்து, 1864-ல் வங்காளத்தில் சோதனைச் சட்டம் பிறந்தது. மாகாணத்துக்கு ஒரு விதி என்றிருந்த குழப்பத்தை 1923-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலச் சட்டம் நீக்கியது. அதனிடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. சான்றில் குறித்த அழுத்தத்துக்கு மேல் ஆவியை ஏற்றுவது குற்றம். அறுவடைக் காலத்து அவசரத்தில் வில்லை முறுக்கி இன்னும் கொஞ்சம் அழுத்தம் பெறலாம் என்று எண்ணும் ஆலைக்காரர், அடுப்பருகே நிற்கும் கூலியாளின் உயிரைப் பணயம் வைக்கிறார். லாபம் ஒருவருக்கு, அபாயம் மற்றொருவருக்கு என்பது தர்மமாகுமா?

25 லிட்டருக்குக் குறைந்த கலங்கள் அச்சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆகையால் நம் அடுக்களைக்குக் கொதிகல ஆய்வாளர் வரமாட்டார், சமைப்பவரே ஆய்வாளர். குக்கரின் ‘வெயிட்’ பாப்பினுடைய பளு; மூடியிலுள்ள காப்பு வால்வு உருகும் அடைப்பு. பருப்பு நுரை ஆவிக்குழாயை அடைத்திருக்கிறதா என்று மூடுமுன் பார்த்துவிட வேண்டும். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பலாகாது. உருகிப்போன வால்வுக்குப் பதிலாகப் போலிச் சரக்கைப் பொருத்துவதும், ஆணியோ துணியோ வைத்து அடைப்பதும் எமனுக்கு இலை போடுவதற்கு ஒப்பாகும்.

விசில் சத்தம் காதுக்கு இனியதன்று. ஆயினும் உள்ளே சேரும் வேகத்தை வெளியே சொல்லிவிடும் கலமே நம்பத்தக்க கலம். அது சத்தமிடும்போது அடுப்பைத் தணியுங்கள். அதன் வாயை அடைக்காதீர்கள்.