வீட்டுத் தோட்டத்தில் டேலியா

டேலியா மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி. அங்கே மழை பெய்வது கோடையில். குளிர்காலம் வறண்டு கிடக்கும். மழை தொடங்கியதும் கிழங்கிலிருந்து துளிர்த்து, மழை ஓயும் தறுவாயில் பூத்து முடித்து, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்குவது அதன் வழக்கம். 1963இல் மெக்சிகோ இதைத் தேசிய மலராக அறிவித்தது. மெக்சிகோ நகரமும் ஊட்டியும் ஏறத்தாழ ஒரே உயரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். நீலகிரி வீட்டு வாசல்களில் டேலியா செழிப்பதில் வியப்பில்லை. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி, வேரில் தேங்காத தண்ணீர்: அது கேட்பது இவ்வளவுதான்.

சமவெளியில் இடிப்பது இரண்டாவதுதான்: அங்கே இரவும் வெப்பம். சென்னையிலோ மதுரையிலோ கோடையில் டேலியா வளர்க்க முயல்வது வீண் வேலை. மழைக்காலத்தில் நாற்று விட்டு, தை, மாசியில் பூக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடலாம் என்பதால் தரையைவிடத் தொட்டியே நல்லது. விதையில் வளரும் குட்டை ரகங்கள் முதல் முயற்சிக்குப் போதும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரியும் ரகங்களை மலைக்காரர்களுக்கு விட்டுவிடலாம். விதைச் செடி தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதே பூதான் வேண்டுமென்றால் கிழங்கோ போத்தோ நட வேண்டும்.

கிழங்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது பருமனை அல்ல, கழுத்தை. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்கோ பழைய தண்டு ஒட்டியிருக்கும் மேல்பகுதியில் மட்டுமே கண் இருக்கும், குண்டூசித் தலை அளவுப் புடைப்பாக. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. லேசாகச் சுருங்கிய கிழங்கில் கண் உயிரோடிருந்தால் அது தாராளமாக முளைக்கும்.

செம்மண், மணல், மட்கிய தொழு உரம் கலந்த மண்ணில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து, கண் மேலே பார்க்கும்படி மூட வேண்டும். மூங்கில் குச்சியை அப்போதே ஊன்றிவிடுவது உத்தமம்; பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். இனி வருவதுதான் பலர் தோற்கும் இடம். ஆசையாய் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள், கிழங்கு அழுகிவிடும். வேர் விடாத கிழங்குக்குத் தண்ணீர் குடிக்க வாயில்லை. மண்ணில் லேசான ஈரம் இருந்தால், துளிர் வெளியே தெரியும்வரை அதுவே போதும். சில வாரங்கள் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். தோண்டிப் பார்க்கும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். செடி வளர்ந்த பிறகு கணக்கு மாறிவிடும். அகன்ற இலைகள் நிறையக் குடிக்கும், வெயில் நாளில் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும்.

மூன்று நான்கு அடுக்கு இலை வந்ததும் நடுநுனியைக் கிள்ள வேண்டும். மனம் வராதுதான், ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று ஓடும். கிள்ளியது பக்கக் கிளைகள் விட்டுப் புதராகும், பூவும் கூடும். யூரியா போன்ற தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். மொட்டுக் கட்டும் பருவத்தில் சாம்பல் சத்து உதவும்.

இளந்துளிரை நத்தை ஒரே இரவில் தின்றுவிடும். வெயில் ஏறினால் செஞ்சிலந்திப் பேன் இலையின் அடியில் வலை பின்னும். வாடிய பூக்களை உடனுக்குடன் நறுக்கினால்தான் அடுத்த மொட்டுகள் வரும். முதல் முறை வளர்ப்பவர் இங்கே தடுமாறுவார், இதழ் உதிர்ந்த பூவும் மொட்டும் பார்க்க ஒன்றுபோலிருப்பதால். மொட்டு உருண்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும். முடிந்த பூ கூம்பி நீண்டிருக்கும், அழுத்தினால் மெத்தென்றிருக்கும். ஜாடிக்குப் பறிப்பதானால் நன்கு மலர்ந்ததையே பறிக்க வேண்டும். மொட்டாகப் பறித்தால் பெரும்பாலும் விரியாது.

பூ ஓய்ந்து இலை மஞ்சளித்ததும் தண்ணீரைக் குறைத்து, தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்குக் கொத்தைக் கழுத்து ஒடியாமல் தோண்டி எடுக்கலாம். ஈரம் உலர நிழலில் காயவைத்து, காய்ந்த மணலிலோ தேங்காய் நார்த்தூளிலோ புதைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் அடுத்த பருவம்வரை தாங்கும். மாதம் ஒருமுறை கிளறி அழுகியதை எறிந்துவிட வேண்டும். மறுபடி நடும்போது கொத்தைக் கத்தியால் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் பழைய தண்டின் சிறு பகுதியும் ஒரு கண்ணும் இருக்க வேண்டும்.