பங்கு விலை இறங்கியது, காரணம் தீர்ப்புதானா?

மாணவர்களே, 2024 ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, இணையத் தேடலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாகத் தன் ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். அன்று கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு விலை சுமார் 4.5 விழுக்காடு இறங்கியது. தீர்ப்பால்தான் விலை இறங்கியது என்று உடனே முடிவு கட்டிவிடலாமா? அறிவியல் படிக்கும் நீங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

முதலில், குற்றம் என்ன? பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமில்லை. லுக்குட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே ஒரு மளிகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாமான் நன்றாக இருப்பதால் எல்லாரும் அங்கேயே வாங்கினால் யாருக்கும் புகார் இல்லை. ஆனால் கடைக்காரர் வாசலில் நிற்கும் ஜாகாவுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரை ஓரங்கட்டச் சொன்னால்? கூகுள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். கைப்பேசியில் தன் தேடலே முதலில் வர வேண்டும் என்பதற்காக 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது. விரும்பினால் வேறு தேடுபொறிக்கு மாறலாம். எத்தனை பேர் மாறுகிறோம்?

நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இருக்கிறது. 2019 அக்டோபரில் மலேசியப் போட்டி ஆணையம் கிரேப் நிறுவனத்துக்கு 8 கோடியே 67 லட்சம் வெள்ளிக்கு மேல் அபராதம் விதிக்க உத்தேசித்தது. போட்டி நிறுவனங்களை விளம்பரப்படுத்தக் கூடாது என்று ஓட்டுநர்களைக் கட்டுப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. கிரேப் நீதிமன்றம் சென்று, 2023இல் உயர்நீதிமன்றத்தில் வென்றது. அபராதச் செய்தி வந்த நாளில் முதலீட்டாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைப் பங்கு விலையில் பார்க்க வழியில்லை. கிரேப் பங்குச் சந்தைக்கு வந்ததே 2021 டிசம்பரில்தான். ஆகவே கூகுளுக்கே திரும்புவோம்.

ஓர் உரத்தைச் சோதிக்க இரண்டு செம்பனைக் கன்றுகளை எடுக்கிறோம். ஒன்றுக்கு உரம் உண்டு, மற்றதற்கு இல்லை. மண், நீர், வெயில் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். பங்குச் சந்தையில் எதை நாம் கட்டுப்படுத்த முடியும்? தீர்ப்பு வந்த அதே நாளில் உலகச் சந்தைகளே ஆட்டம் கண்டிருந்தன. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 12.4 விழுக்காடு சரிந்தது. கோலாலம்பூர் சந்தையும் 4 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 3 விழுக்காடு இறங்கியது.

இந்தக் குறியீட்டை உரம் போடாத கன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். 4.5இல் 3ஐக் கழித்தால் மிச்சம் 1.5. தீர்ப்பின் விளைவு இந்த மிச்சத்துக்குள்தான் இருக்க வேண்டும்; அதிலும் வேறு காரணங்கள் கலந்திருக்கலாம்.

இனி மறுபக்கம். 2025 செப்டம்பர் 2ஆம் நாள், சந்தை மூடிய பிறகு, அதே நீதிபதி கூகுள் என்ன செய்ய வேண்டும் என்று அறிவித்தார். போட்டியாளரை விலக்கும் ஒப்பந்தங்கள் கூடாது. தேடல் தரவுகளில் சிலவற்றைப் போட்டியாளர்களுடன் பகிர வேண்டும். ஆனால் குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை. ஆப்பிளுக்குப் பணம் கொடுப்பதையும் தொடரலாம். மறுநாள் ஆல்ஃபபெட் ஏறக்குறைய 9 விழுக்காடு ஏறியது. குறியீடு ஏறியதோ அரை விழுக்காடு. மிச்சம் 8.5!

சட்டத்தை மீறியது என்றபோது சிறு இறக்கம், பரிகாரம் சொன்னபோது பெரிய ஏற்றம். வேடிக்கையாக இருக்கிறதா? பங்கு விலை நிறுவனத்தின் நல்லது கெட்டதை அளப்பதில்லை. நாளைய லாபம் பற்றிய எதிர்பார்ப்பை அளக்கிறது. குரோமை விற்க வைக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டிருந்தது. அந்தப் பயம் முன்பே விலைக்குள் புகுந்திருந்தது. பயம் நீங்கியதும் விலை துள்ளியது. இவ்வளவு பெரிய துள்ளல், ஜாகாவுக்குப் பணம் போவது நிற்கவில்லை என்று முதலீட்டாளர்கள் கண்டுகொண்டதைத்தான் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்க விவகாரம் நமக்கெதற்கு என்கிறீர்களா? உங்கள் பெற்றோரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் பணத்தை ஊழியர் சேமநிதி வாரியம் வெளிநாட்டுப் பங்குகளிலும் முதலீடு செய்கிறது.

ஒரு பயிற்சி. 2025 ஏப்ரல் 17 அன்று வேறோர் அமெரிக்க நீதிமன்றம், இணைய விளம்பரத் தொழில்நுட்பத்திலும் கூகுள் சட்டத்தை மீறியது என்றது. அன்று ஆல்ஃபபெட் எவ்வளவு மாறியது, எஸ் அண்ட் பி 500 எவ்வளவு மாறியது என்று தேடி எடுத்துக் கழித்துப் பாருங்கள். அன்று வேறென்ன பெரிய செய்திகள் வந்தன என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.