தூக்க மாத்திரை தருவது தூக்கம்தானா?

ராத்திரி மணி இரண்டு. வீடே அசந்து தூங்குகிறது. நீங்கள் மட்டும் ஓடும் ஃபேனைப் பார்த்தபடி புரண்டு கொண்டிருக்கிறீர்கள். 'அரை மாத்திரை போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்னு பக்கத்து வீட்டு மாமி சொன்னாங்களே...' என்று மனசு சபலப்படுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்! முதலில் தூக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

மூன்று நிலைகள்

சித்த மருத்துவம் சொல்லும் 96 தத்துவங்களில் 'அவத்தைகள்' ஐந்து. அவற்றில் நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றும் நமக்குத் தினசரி அனுபவம். கனவு என்பது உறக்கத்திலிருந்து வேறான தனி நிலை என்பதைக் கவனியுங்கள். கனவு காணும் நேரத்தில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைகின்றன என்று சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் வெளியிட்டார்கள்.

ஆழ்ந்த உறக்கமும் கனவுத் தூக்கமும் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, இரவில் நாலைந்து முறை மாறி மாறி வரும். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். விடியற்காலையில் கனவு அதிகம். உடம்பு தன்னைச் செப்பனிட்டுக் கொள்வதற்கு முன்னது முக்கியம். ஞாபக சக்திக்கும், மனசில் உள்ள பாரம் குறைவதற்கும் பின்னது வேண்டும்.

அமுக்குவான் பேயா?

கனவு காணும்போது கை கால் தசைகள் அநேகமாகச் செயலற்றுக் கிடக்கும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்தே எழுந்து ஓடிவிடுவாரே! சில சமயம் மூளை விழித்துக் கொள்ளும், தசைகள் விழிக்கக் கொஞ்சம் தாமதமாகும். அப்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கத்தினால் சத்தம் வராது. கிராமத்தில் 'அமுக்குவான் பேய்' என்பது இதைத்தான். மந்திரிக்க வேண்டாம். நேரத்துக்குத் தூங்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் ஐம்பதைத் தாண்டியவர் தூக்கத்தில் அடிக்கடி கத்துகிறார், பக்கத்தில் படுத்திருப்பவரை உதைக்கிறார் என்றால் அலட்சியம் வேண்டாம். பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் அது இருக்கலாம். நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

மாத்திரையும் மதுவும்

சரி, தூக்க மாத்திரை என்ன செய்கிறது? டயஸிபாம், அல்பிரஸோலாம் வகை மாத்திரைகள் மூளையின் பரபரப்பை அடக்கிக் கண்ணை மூட வைக்கின்றன. ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் அளவைக் குறைத்துவிடுகின்றன! மணிக்கணக்கு சரியாக இருந்தும் காலையில் மந்தமாக இருப்பது அதனால்தான். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்வதற்கும் இது ஒரு காரணம்.

'ரெண்டு பெக் போட்டாத்தான் தூக்கம் வருது' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மது முன்னிரவில் கனவுத் தூக்கத்தைத் தடுக்கிறது. பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். விளையாட்டில்லை!

என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். "டாக்டர், பத்து வருஷமா இந்த மாத்திரை போடறேன். நீங்க லேகியம் குடுங்க, இதை இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்" என்றார். "தயவு செஞ்சு போட்டுடாதீங்கம்மா!" என்றேன். பல வருஷம் பழகிய மூளைக்குத் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கை நடுக்கம், படபடப்பு, பயங்கரக் கனவு எல்லாம் வரும். வலிப்பு கூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். லேகியம் அதற்கு மாற்று அல்ல.

நம் சரக்குகளும் அளவோடுதான்!

பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்ப் பொடி சேர்ப்பது பழைய வழக்கம். 'சிட்டிகைக்கே இவ்வளவு தூக்கமா? அப்போ ஒரு ஸ்பூன் போடலாமே' என்று கிளம்பாதீர்கள். 5 கிராம் அளவுக்குப் போனாலே நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் ஒரு போதைதான்! கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதைத் தொடவே வேண்டாம்.

இன்றே செய்யலாம்

* மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு காபியை நிறுத்துங்கள்.

* பகல் தூக்கத்தைச் சித்த மருத்துவம் விலக்கச் சொல்கிறது. எண்ணெய்க் குளியல் நாளில் கண்டிப்பாகக் கூடாது.

* தூக்கம் 14 வேகங்களில் ஒன்று. கண் சொக்கும்போது டி.வி., செல்போன் என்று அதை அடக்காதீர்கள்.

* படுத்து இருபது நிமிஷமாகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் படுக்கப் போங்கள்.

* எத்தனை மணிக்குத் தூங்கினாலும், எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் இப்படி இருந்து பாருங்கள். அப்போதும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நிற்பது என்று உள்ளே வேறு காரணம் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் தூக்கம் தானாக வரும். பக்கத்து வீட்டு மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்!