இந்திரனை விழுங்கிய டைனோசர்

விருத்திராசுரன் இந்திரனையே விழுங்கிவிட்டான் என்று ஒரு புராணக் கதை உண்டு. அந்தக் கதையை வைத்து, சீனாவில் கிடைத்த ஒரு பழங்காலப் பல்லிக்கு 2019-இல் பெயர் சூட்டினார்கள்: இந்திரசாரஸ். காரணம், அந்தப் பல்லியின் எலும்புக்கூடு கிடைத்த இடம் ஒரு டைனோசரின் வயிறு! தலை முதலில் உள்ளே போயிருக்கிறது. எலும்புகள் பெரிதும் கலையாமல் கிடக்கின்றன. கதையில் இந்திரன் தப்பி வெளியே வந்துவிட்டான். பல்லிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

விழுங்கிய அசுரன் ரொம்பப் பெரியவனோ? அதுதான் இல்லை. வாலையும் சேர்த்து அளந்தாலே ஏறக்குறைய ஒரு மீட்டர். எடை ஒரு கிலோ இருக்கலாம். பெயர் மைக்ரோராப்டர். சினிமாவில் பார்த்திருப்பீர்களே, வெலாசிராப்டர், அதற்கு உறவுக்காரன். காலில் அதே மாதிரி வளைந்த நகம் உண்டு. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், ஏரியும் காடும் எரிமலையுமாக இருந்த பகுதியில் வாழ்ந்தது. ஏரிக்கு அடியில் படிந்த மென்மையான சேறும் எரிமலைச் சாம்பலும் செத்த உயிர்களை மூடிப் பத்திரப்படுத்தின. அதனால் இறகுகள்கூடக் கல்லில் பதிந்திருக்கின்றன.

அந்த இறகுகள்தான் 2003-இல் எல்லாரையும் அசர வைத்தன. கையில் இறகு இருந்தது சரி, காலிலும் நீளநீளமாக இறகுகள்! ஆக மொத்தம் நான்கு இறக்கைகள். இதை வைத்துக்கொண்டு தரையில் ஓடுவது பெரிய தொல்லை. மரத்துக்கு மரம் சறுக்கியதா, இறக்கையடித்துப் பறந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2020-இல் ஒரு துப்பு வெளியானது. ஒரு புதைபடிவத்தில், முழுதாக வளர்ந்த இறகுகளுக்கு நடுவே புது இறகு முளைத்துக்கொண்டிருந்தது. அதாவது மொத்தமாக உதிர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறது. ஆண்டு முழுக்கப் பறந்தாக வேண்டிய பறவைகள்தான் இப்படிச் செய்யும். என் ஓட்டு பறந்தது என்பதற்கே!

நிறமும் தெரியும். இறகுக்குள் இருந்த நுண்ணிய நிறமித் துகள்களின் வடிவத்தை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012-இல் சொன்னார்கள்: கறுப்பு, அதிலும் வெயில் பட்டால் மினுங்கும் கறுப்பு. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வயிற்றுக்கு வருவோம். பல்லி மட்டுமில்லை, வேறொரு மைக்ரோராப்டரின் வயிற்றில் ஒரு பறவையின் எலும்புகள் இருந்தன. இன்னொன்றில் மீன் எலும்பு. மைக்ரோராப்டரின் முன்பற்கள் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வழுக்குகிற மீனைக் கவ்வ வசதி. மரத்தில் பறவை, தண்ணீரில் மீன் என்று கிடைத்ததைத் தின்று வாழ்ந்த ஜீவன் போலிருக்கிறது.

கடைசியாகத் தெரியவந்த சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு மோசடிக் கதை இருக்கிறது. 1999-இல் 'ஆர்க்கியோராப்டர்' என்ற புதைபடிவம் பத்திரிகைகளில் பரபரப்பாக வந்தது. பாதி பறவை, பாதி டைனோசர் என்றார்கள். சீன ஆய்வாளர் ஷூ ஷிங்குக்குச் சந்தேகம் தட்டியது. புதைபடிவம் உள்ள கல் இரண்டாகப் பிளந்தால் இரு பக்கத்திலும் ஒரே பதிவு இருக்கும் அல்லவா? அந்த வாலின் மறுபக்கப் பதிவு, சீனாவில் வேறொரு கல்லில், வேறொரு உடலோடு சேர்ந்து இருந்தது! யாரோ ஒரு பறவையின் உடலில் டைனோசரின் வாலை ஒட்டி விற்றிருக்கிறார்கள். வாலின் சொந்தக்காரனுக்கு 2000-இல் வைத்த பெயர்தான் மைக்ரோராப்டர்.

அந்த மைக்ரோராப்டர் இருந்த கல்லை எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஆனால் விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு குட்டிப் பாதம் இருந்தது பலருக்கும் கண்ணில் படவில்லை. கனடாவைச் சேர்ந்த ஹான்ஸ் லார்சன் அதைக் கவனிக்க, 2022-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. சுண்டெலி அளவுள்ள ஒரு பாலூட்டியின் பாதம் அது. தரையில் திரிந்த பிராணியாகத்தான் இருக்க வேண்டும், மரம் ஏறுவதற்கு ஏற்ற பாதம் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்ததா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்பதை மட்டும் அந்தப் பாதத்தை வைத்துச் சொல்ல முடியாது.