வளைவில் மட்டும் முனகுகிறதா கார்? பின்சக்கர பேரிங்கைக் கவனியுங்கள்!

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும்போதுதான் அந்தச் சத்தம் பலர் காதில் விழும். அதுவரை லாரி இரைச்சல், ஏ.சி., பாட்டு எல்லாம் சேர்ந்து அதை மறைத்திருக்கும். மலைக்காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கியதும், பின்பக்கத்திலிருந்து மாவு மில் ஓடுவதுபோல ஒரு ‘ஊம்ம்ம்.’

“ஏங்க, பின்னாடி என்னமோ சத்தம் வருதே?”

“ரோடு அப்படிம்மா.”

பெரும்பாலான குடும்பங்களில் பேச்சு இதோடு முடிந்துவிடும். காவலூர் தொலைநோக்கி, பீமன் அருவி, ஜமுனாமரத்தூர் பலாப்பழம் என்று கவனம் மாறிவிடும். ஆனால், அந்தச் சத்தம் பின்சக்கர பேரிங்கிலிருந்து வந்தால் அது தானாகச் சரியாகப் போவதில்லை. ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. பேரிங் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகாது. முழுதாகக் கெடுவதற்கு முன்பு நன்றாகவே முனகும். அதைக் காது கொடுத்துக் கேட்கிறோமா என்பதுதான் கேள்வி.

சத்தம் ரோட்டினுடையதா, டயரினுடையதா, பேரிங்கினுடையதா? பிரித்தறிய மலைப்பாதையைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. தார் ரோடு, சிமென்ட் ரோடு என்று மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். ரோடு எப்படி இருந்தாலும் வேகத்துக்கு ஏற்ப மட்டுமே ஏறி இறங்கினால் பேரிங்மீது சந்தேகப்படலாம். அடுத்தது கொண்டை ஊசி வளைவு. கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடி, அடுத்த வலப்பக்க வளைவில் குறைந்தால் கெட்டது வலப்பக்க பேரிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைச் சோதிக்கிறேன் என்று இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிடக் கூடாது. இன்ஜின் பிடிப்பு இல்லாமல் மலை இறங்குவது, கெட்ட பேரிங்கைவிடப் பெரிய ஆபத்து.

‘சக்கரத்தைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் பேரிங் போச்சு’ என்பார்கள். சமதளத்தில் ஓரளவு சரி. மலை இறங்கி வந்த காரில் பிரேக் டிரம்மே கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே இந்த வைத்தியம் பலிக்காது. அதைவிட, சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘கடக் கடக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் வழுவழுவென்று சுற்றும். கெட்டது அம்மிக்கல் அரைப்பதுபோலக் கைக்குத் தெரியும்.

பேரிங் என்பது உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே உருளும் எஃகுக் குண்டுகள், கொஞ்சம் கிரீஸ். வண்டி அச்சுக்கு இப்படிக் குண்டுகளைப் போடலாம் என்று வேல்ஸ் நாட்டின் பிலிப் வான் 1794-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு எதிரிகள் தண்ணீரும் தூசியும் அதிர்ச்சியும்தான். ஓரத்தில் இருக்கும் சீல் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் கெடும், துரு பிடிக்கும். குண்டு ஓடும் பாதையில் அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழும். முனகல் அங்கேதான் பிறக்கிறது. பள்ளத்தில் ‘டமால்’ என்று இறங்குவதும், ரோட்டின் குறுக்கே ஓடும் நீரில் சக்கரம் மூழ்கப் போவதும் இதை விரைவுபடுத்தும்.

வீட்டிலேயே மாற்றலாமா? எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. சில கார்களில் பேரிங் ஹப்போடு ஒரே பாகமாக வரும். நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. பல சிறிய கார்களில் அது பிரேக் டிரம்முக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பொறுமை இருந்தால் முடியும். பின்சக்கரத்துக்கு இன்ஜின் சக்தி போகும் ஜீப் வகை வண்டிகளில் ஆக்சிலையே உருவி, பிரஸ்ஸில் வைத்து வேலை செய்ய வேண்டியிருக்கும். அது பட்டறைக்காரர் வேலை.

வீட்டு வாசலில் செய்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது பேரிங்குக்கு அல்ல, கார் உருண்டுவிடுவதற்கு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். டிரம்மைக் கழற்ற அந்த ஹேண்ட்பிரேக்கையே விட்டாக வேண்டும். அந்த நிமிடம் காரைப் பிடித்துவைக்க கியரும், முன்சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்த கட்டைகளும் மட்டுமே உண்டு. பின்சக்கர இயக்க வண்டியில் கியரும் கைகொடுக்காது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும், டிஃபரன்ஷியல் வழியாக அது சும்மா சுற்ற, வண்டி நகர்ந்துவிடும். மலைக்கிராமத்தின் சரிவான வாசலில் இந்த வேலையே வேண்டாம். சமதளம், இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கியோடு ஒரு ஸ்டாண்டு. ஸ்டெப்னியையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவைத்தால் இன்னும் நிம்மதி.

நடு நட்டை, கார் தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு தொங்கிப் பலம் கொடுத்தால் கார் ஸ்டாண்டிலிருந்து சரியும். டிரம் வெளியே வந்ததும் அந்தக் கறுப்புத் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். சீல், வளையக் கிளிப் இருந்தால் அது, பிறகு பழைய பேரிங். ஒரே இடத்தில் தட்டாமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் கோணாமல் வெளியே வரும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘புது பேரிங் போட்டும் சத்தம் போகலை’ என்ற புலம்பல் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான் உருவாகிறது. டிரம்முக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தின் மேல் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதித்துவிடும். கடையில் வாங்கியபோது நன்றாக இருந்த பேரிங், மாட்டி முடிப்பதற்குள் பழசாகிவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர்மேல் பழி போடுவோம். குற்றவாளி நம் சுத்தியல்!

இதற்கு ஒரு சமையலறை உபாயம் உண்டு. பேரிங்கை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி, ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். டிரம்மை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். 50 மில்லிமீட்டர் அளவுள்ள எஃகில் 60 டிகிரி வித்தியாசம் இருந்தால் அளவு சுமார் 0.03 மில்லிமீட்டர் மாறும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பாதிதான். ஆனால், முரண்டு பிடிக்கும் பேரிங் இறங்க அது பெரிய உதவி. பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம். அல்லது பத்து நிமிட வேலைக்கு, அருகிலுள்ள லேத் பட்டறை பிரஸ்ஸில் கொடுத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏ.பி.எஸ். உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். திருப்பி மாட்டினால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக நட். பழைய நட்டைத் திரும்பப் போடாமல் புதிது வாங்குங்கள். ‘நல்லா டைட் பண்ணிட்டேன்’ என்பதும் ஓர் அளவு அல்ல. உங்கள் காரின் கையேட்டில் 175 நியூட்டன் மீட்டர் என்று இருந்தால், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதற்குத்தான் டார்க் ரெஞ்ச். டேப்பர் ரோலர் பேரிங் உள்ள பழைய வண்டிகளில் முறை வேறு. அங்கே அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்துபோகும். கையேட்டில் உள்ளபடியே செய்ய வேண்டும். பிரேக் ஷூவில் கிரீஸ் பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு டிரம்மை மூடி, பெடலைப் பலமுறை மிதித்து, ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்து, முதல் ஓட்டத்தைச் சமதளத்தில் மெதுவாக ஓட்டுங்கள்.

மலை உச்சியிலேயே ஆட்டமும் கரகரப்பும் கருகல் வாடையும் வந்துவிட்டால், ‘போளூர் வரைக்கும் மெதுவா இறக்கிடலாம்’ என்று கிளம்பாதீர்கள். முற்றிலும் கெட்ட பேரிங் சக்கரத்தையே கழன்று ஓடவைக்கும். டோ செய்ய வருபவர் வழக்கம்போல முன்பக்கத்தைத் தூக்கினால், கெட்ட பின்சக்கரம் மலை முழுக்க உருண்டுதான் இறங்கும். பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது காரையே மேலே ஏற்றிக்கொள்ளும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பேரிங்கை உடனே பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவி விரலால் சுற்றிப் பாருங்கள். மலையில் முனகிய அதே கரகரப்பு கையில் தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வேறு திட்டம் இருக்கும். இன்னும் இரண்டு பழைய பேரிங்கும் ஒரு பலகையும் கிடைத்தால், தெருவையே அதிரவைக்கும் பேரிங் வண்டி தயார்.